வாளுக்கு நேரே நிற்காதே

நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். விளையாட்டுப் போட்டியைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள், எனக்கு ஞாபகம் வருவது மரவேலைக் கூடமும் அதன் நடுவில் இருந்த மேசை வாளும்தான், மேசைக்கு மேலே பாதி தெரியும்படி வட்ட வாள் சுற்றும் மின் இயந்திரம் அது.

முதல் சில வாரம் மாஸ்டர் எங்களைச் சுவிட்சைத் தொடவே விடவில்லை. ஓடாத வாளின் முன்னால் நின்று பலகையைத் தள்ளிப் பழகுவதைப் பார்த்து நாங்களே சிரித்துக்கொள்வோம். ஒருநாள், 10 அங்குல விட்டமுள்ள வாள் நிமிடத்திற்கு 4000 தடவை சுற்றினால் பல்லின் வேகம் என்ன என்று கணக்குப் போடச் சொன்னார். மணிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வாளுக்கு இடப்பக்கமாகத் தரையில் சோக்கால் இரண்டு பாதம் கீறி வைத்திருந்தார், பலகையை ஒட்டி நேராகத் தள்ளுவதற்கான தடுப்பு, நாங்கள் கைடு என்போம், வலப்பக்கம். அந்தப் பாதத்தில்தான் நிற்க வேண்டும். எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது.

சரி, என் குட்டையும் உடைக்கிறேன். வாளுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகடு இடைஞ்சலாக இருக்கிறதென்று மாஸ்டருக்குத் தெரியாமல் கழற்றி வைத்தது நான்தான். அன்று ஒரு ஒடுங்கிய மரச்சட்டம் கிழித்தேன், பலகை அறுந்து முடிந்ததும் வேலை முடிந்ததென்று கையை எடுத்துவிட்டேன், கைடுக்கும் வாளுக்கும் நடுவில் நின்ற சட்டம் கொஞ்சம் திரும்பிப் பின்பக்கப் பல்லில் பட்டதுதான் தாமதம், பின்னால் இருந்த கதவில் 'டமார்' என்று கேட்டது. நான் சோக்குப் பாதத்தில் நின்றதால் அது வயிற்றுக்குப் பக்கத்தால் போயிருக்கிறது.

மாஸ்டர் ஏசவில்லை. வாளை நிறுத்தி, அது முழுதாக ஓயும்வரை ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அமத்தும் தம்பி, பின்பக்கப் பல் மேலே தூக்கும். அறுத்த பிளவு மூடி வாளைப் பிடித்தாலும், மரம் கோணினாலும் உன் பக்கம்தான் எறியும். அதுக்குத்தான் அந்தத் தகடு. துண்டு வாளைத் தாண்டிப் போகும்வரை தள்ளு, கையால் இல்லை, தள்ளுகோலால்."

கையுறை போட்டுக்கொண்டு வந்த ஒருவனை அன்றே திருப்பியும் அனுப்பினார், பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று.

இப்போது என் வீட்டுக் கராஜில் ஒரு சின்ன வாள் இருக்கிறது. தரையில் கீறிய பாதம் மரத்தூள் கூட்டும்போதெல்லாம் அழிந்துபோகும், மறுபடி கீறுவேன்.