ஃபியூஸ் போன பல்பை எறியாதே

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே முதலாளி என்னைச் சென்னைக்கு அனுப்பினார், ஒரே ஒரு பல்பு வாங்க. 1998. கும்பகோணத்தில் எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் இருந்த ஸ்பாட் லைட்டின் பல்பு, ஒரு கல்யாணப் பெண்ணை உட்கார வைத்துப் படம் எடுக்கும்போது 'டப்' என்று போய்விட்டது. உள்ளூரில் கிடைக்காது. "பழசைக் கழற்றிக் கையோட எடுத்துட்டுப் போ" என்றார். செத்துப்போன பல்பை எதற்குச் சுமக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. '650 வாட், இரண்டு கால் உள்ளது' என்று துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறிவிட்டேன்.

எழும்பூரில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடந்தே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அங்கே ஒரு குறுகலான கடை. கல்லாவில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, "சாம்பிள் இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "காலுக்கும் காலுக்கும் நடுவுல எவ்வளவு?" தெரியாது. "கால் எவ்வளவு தடிமன்?" அதுவும் தெரியாது. அவர் கோபப்படவில்லை. நாலு அட்டைப் பெட்டிகளைத் திறந்து, நாலு பல்புகளைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார். சுண்டுவிரல் அளவுக் கண்ணாடி, கீழே இரண்டு கால். என் கண்ணுக்கு நாலும் ஒன்றுதான். "இதுல எது உன்னோடது, சொல்லு பார்ப்போம்."

நான் தைரியமாக ஒன்றைக் காட்டினேன். பணம் கொடுத்து, பஞ்சில் சுற்றி வாங்கி, 300 கிலோமீட்டர் திரும்பி வந்து மாட்டினால் கால் நுழையவில்லை. எங்கள் லைட்டுக்கு வேண்டியது ஜிஒய்9.5, கால்களுக்கு இடையே 9.5 மில்லிமீட்டர். நான் வாங்கி வந்தது 6.35. மூன்று மில்லிமீட்டர் சொச்சத்துக்கு இரண்டு நாள் கூலியும் ரயில் சார்ஜும் போச்சு. முதலாளி திட்டவில்லை. மேஜை டிராயரைத் திறந்து அந்தப் பழைய பல்பை எடுத்து என் கையில் வைத்தார், அவ்வளவுதான். மறுபடி ராத்திரி ரயில்.

அந்த இரண்டாவது பயணத்தில்தான் கடைக்காரர் எனக்குப் பல்பைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். எழுத்துக்குப் பின்னால் வரும் எண் பெரும்பாலும் மில்லிமீட்டர். இ27 என்றால் 27 மில்லிமீட்டர் அகலமுள்ள மரை. அந்த 'இ' எடிசனைக் குறிக்கிறது. பி22 என்றால் நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கும் 'பின் டைப்', அடிப்பாகம் 22 மில்லிமீட்டர். இ40 பெரிய மரை, இ14 சின்ன மரை. ஜி என்று தொடங்கினால் கால் வைத்த பல்பு, எண் கால்களின் இடைவெளி. ஜி6.35, ஜிஒய்6.35, ஜிஎக்ஸ்6.35 மூன்றுக்கும் இடைவெளி ஒன்றேதான். மாறுவது காலின் தடிமன். மெல்லிய கால் பல்பைத் தடித்த காலுக்கான ஹோல்டரில் செருகினால் நுழையும், எரியவும் எரியும். ஆனால் பிடிப்பு லூஸாக இருப்பதால் அங்கே பொறி தட்டி, சூடேறி, கொஞ்ச நாளில் ஹோல்டரே கருகிவிடும். நுழையாத பல்பாவது வாசலிலேயே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நுழைந்துவிடும் பல்புதான் ஆபத்து.

இதை நான் இன்னொரு விதத்திலும் அனுபவித்தேன். அதே ஸ்பாட் லைட்டுக்கு ஒருமுறை அவசரத்தில் வேறொரு பல்பு போட்டோம். கால் சரி, வாட் சரி, வோல்ட் சரி. எரிந்தது. ஆனால் சுவரில் விழுந்த வெளிச்சத்தின் நடுவே தோசையில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு மங்கலான வட்டம். குமிழைத் திருகி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தும் போகவில்லை. அரைமணி நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து பழைய பல்பையும் புதிய பல்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். புதியதில் உள்ளே இருக்கும் இழை கொஞ்சம் உயரத்தில் இருந்தது. பின்னால் உள்ள குழிந்த கண்ணாடியும் முன்னால் உள்ள லென்ஸும் இழை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. அடிப்பாகத்திலிருந்து இழையின் நடு வரைக்கும் உள்ள அந்த உயரத்தையும் பல்புக் கம்பெனிகள் தங்கள் பட்டியலில் போடுகின்றன. நாங்கள்தான் பார்ப்பதில்லை.

இந்த ஹாலஜன் வகைப் புதுப் பல்பை வெறும் கையால் தொடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. விரலில் உள்ள எண்ணெய்ப் பசையும் உப்பும் குவார்ட்ஸ் கண்ணாடியில் படிந்து, சூடேறும்போது அந்த இடம் மட்டும் பால் மாதிரி வெளுத்து பலவீனமாகும். அங்கேதான் வீங்கும், வெடிக்கும். ஹாலஜன் பல்பின் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் ஆவியான டங்ஸ்டன் சுவரில் ஒட்டாமல் இழைக்கே திரும்பும். அந்தச் சூட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை போதும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். முதலாளி வேஷ்டி நுனியால் பிடித்து மாட்டுவார். நான் பல்பு வந்த பஞ்சு உறையைப் பாதி இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டே அழுத்துவேன்.

அடாப்டர் கதைக்கு வருகிறேன். எங்களிடம் வெளிச்சத்தைப் பரப்பும் குடை மாட்டிய இரண்டு லைட் ஸ்டாண்டுகள் இருந்தன, இரண்டிலும் பின் டைப் ஹோல்டர். அந்தத் தடவை கிடைத்த 500 வாட் பல்பு மரை டைப். கடைவீதியில் ஒரு அடாப்டர் விற்றார்கள்: ஒரு பக்கம் பின், மறு பக்கம் மரை, விலை பத்து ரூபாய்க்குள். அருமையான கண்டுபிடிப்பு என்று வாங்கிப் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு குடும்பப் படம். தாத்தா பாட்டி நாற்காலியில், பின்னால் மகன்கள் மருமகள்கள், தரையில் பேரப்பிள்ளைகள், மொத்தம் பதினாலு பேர். ஒருவர் கண்ணைத் திறந்தால் இன்னொருவர் மூடுவார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பாட்டிதான் முதலில் சொன்னார், "ஏதோ தீயுற வாசனை வருதே." நிமிர்ந்து பார்த்தபோது அடாப்டர் மெழுகு மாதிரி இளகி, பல்பு தலைகுனிந்து, குடைத் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைக்க ஓடுவதற்குள் குடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை.

கரண்ட் கணக்கு போட்டால் தப்பே தெரியாது. 230 வோல்ட்டில் 500 வாட் என்பது இரண்டு ஆம்பியர் சொச்சம்தான். அடாப்டரைக் கொன்றது கரண்ட் இல்லை, பல்பின் சூடு. வீட்டு உபயோகத்துக்கான பிளாஸ்டிக் அடாப்டர் அறுபது, நூறு வாட் பல்பை நினைத்துச் செய்யப்பட்டது. அதற்கப்புறம் நாங்கள் பீங்கான் ஹோல்டரையே வாங்கி ஸ்டாண்டில் நிரந்தரமாக மாட்டிவிட்டோம். ஹோல்டரை மாற்ற முடிகிற இடத்தில் அடாப்டர் போடாதே என்பது அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கொள்கை. சுவர் பிளக்குக்கும் அதேதான். வெளிநாட்டு லைட்டை மல்டி பிளக்கில் செருகி எர்த் இல்லாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். உலோக உடம்பு, ஈரக் கை, மழைக்கால மண்டபத் தரை. வேண்டாம்.

அமெரிக்காவில் மகன் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அன்போடு இரண்டு பல்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்க மரை 26 மில்லிமீட்டர், நம்முடையது 27, நன்றாகவே ஏறும். அடியில் பொடி எழுத்தில் 120 வோல்ட் என்று இருந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். 230-ல் போட்டிருந்தால் கணக்குப்படி மூன்றரை மடங்குக்கு மேல் வாட் இழுத்து ஒரே மின்னலாகப் போயிருக்கும். அவர் மனம் நோகக்கூடாதே என்று முதலாளி அவற்றை ஷோகேஸில் வைத்துவிட்டார்.

வோல்டேஜ் குறைந்தாலும் தொல்லைதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் 190-க்கு இறங்கிவிடும். வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும், நிறமும் மஞ்சளாகும். கருப்பு வெள்ளையில் சமாளித்துவிடலாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள். கலர் பிலிம் 5500 கெல்வின் பகல் வெளிச்சத்துக்குச் செய்தது, எங்கள் பல்பு 3200. நீல ஃபில்டர் போட்டும், வோல்டேஜ் இறங்கிய நாளில் எடுத்த படத்தில் எல்லார் முகமும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி வரும். ஸ்டெபிலைசர் வாங்கியது பிரிட்ஜுக்காக இல்லை, பல்புக்காக என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

அப்புறம் ஃபிளாஷ் வந்தது, முதலாளி ஓய்வெடுத்தார், கடை என் கைக்கு வந்தது. ஸ்டுடியோ ஃபிளாஷில் படத்துக்கு வெளிச்சம் தருவது செனான் குழாய். நடுவே இருக்கும் மாடலிங் பல்பு, நிழல் எங்கே விழுகிறது என்று நமக்குக் காட்ட மட்டும். அதனால் அதில் எதைப் போட்டாலும் சரி என்று நினைத்து, 150 வாட் ஹாலஜன் போனதும் சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டினேன். இ27 மரை, கச்சிதமாக ஏறியது. டிம்மரைக் குறைத்ததும் கண் சிமிட்ட ஆரம்பித்தது. டிம் ஆகும் வகையை வாங்கினேன். அது நீளம் அதிகம், மேலே மூடும் கண்ணாடிக் கிண்ணம் உட்காரவில்லை. குட்டையாக ஒன்று தேடிப் பிடித்தேன். மூடிய கிண்ணத்துக்குள் அதன் அடியில் உள்ள சர்க்யூட் வெந்து மூன்றே மாதத்தில் போனது. கடைசியில் வாட் குறைவான எல்.இ.டி. ஒன்று போட்டு, கிண்ணத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். வீடியோவுக்கு அந்த வெளிச்சத்தை நம்புவதில்லை. சிவப்பைச் சரியாகக் காட்டாத மலிவு எல்.இ.டி.யில் உதடும் குங்குமமும் செத்துப்போய்த் தெரியும்.

ஒன்று சொல்ல மறந்தேன். மாடலிங் பல்பை மாற்றும்போது ஃபிளாஷை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். கபாசிட்டரில் நிற்கும் கரண்ட் பிளக்கைப் பிடுங்கியதும் ஓடிவிடாது. செனான் குழாயையும் விரலால் தொடக்கூடாது.

வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின் முன்னால் மாட்டும் துணிப்பெட்டி, அதாவது சாஃப்ட் பாக்ஸ், அதன் வளையம் தனிக் கதை. போவன்ஸ் என்ற ஸ்டுடியோ லைட் கம்பெனி 2017-ல் மூடப்பட்டது, ஆனால் அதன் மூன்று நகப் பூட்டு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பல கம்பெனிகளின் லைட்டுகள் அதே பூட்டோடு வருவதால் சாமான் சுலபமாகக் கிடைக்கிறது. புது லைட் வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விலையைப் பார்ப்பதற்கு முன் வாயைப் பார்.

போன வாரம் மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் பல்பின் படம் அனுப்பியிருந்தான். "அண்ணே, இது எங்கே கிடைக்கும்?" வெள்ளைத் துணிமேல் வைத்து, பின்னணி மங்கலாக, அழகாக எடுத்திருந்தான். பாதி கால் ஃபோகஸில் இல்லை, அடியில் உள்ள எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, எழுத்து தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடு, பல்பை எறிந்துவிடாதே என்று பதில் போட்டேன். "ஃபியூஸ் போனதுதானேண்ணே, குப்பையில போட்டுட்டேன்" என்றான். குப்பை வண்டி வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் வரவில்லையாம்.