கொக்கியாய் வளைந்த நட்சத்திரங்களும் பயணத்துக்கான ட்ரைபாடும்

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். பையைக்கூடப் பிரிக்காமல் மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். மலை ஏரிக்கரையில் விடிய விடிய உட்கார்ந்து எடுத்த 43 நட்சத்திரப் படங்களில் தேறியது ஆறுதான். மீதி எல்லாவற்றிலும் ஒவ்வொரு நட்சத்திரமும் குட்டிக் கொக்கி போல வளைந்து கிடக்கிறது. பூமி சுழல்வதால் விழும் கோடு என்றால் சீரான வளைவாக இருக்கும். இது காற்று அடித்தபோதெல்லாம் கேமரா நடுங்கிய தடம். தேறிய அந்த ஆறும் என் ட்ரைபாடில் (கேமராவைத் தாங்கும் முக்காலி) எடுத்தவை அல்ல, உடன் வந்தவரின் ட்ரைபாடில் எடுத்தவை.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கொண்டுபோனது ஐந்து அடுக்குக் கால் உள்ள சின்ன ட்ரைபாட். ஹெட்டோடு (கால்களின் மேல் ஏறி, கேமராவைத் திருப்பி நிறுத்தும் பகுதி) சேர்த்து 1.1 கிலோ. பெட்டியின் மேல் "8 கிலோ தாங்கும்" என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். என் கேமராவும் லென்ஸும் சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. ஐந்து மடங்கு தெம்பு இருக்கிறதே என்று நம்பி வாங்கினேன். இந்த எண்ணை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். இதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை எதுவும் கிடையாது, ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோதாக அளந்து போட்டுக்கொள்கிறார்கள். எட்டுக் கிலோவை வைத்தால் கீழே விழாது என்பது வேறு, ஒன்றரைக் கிலோவை வைத்துக் காற்றில் 25 நொடி அசையாமல் நிற்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

கால், ஹெட், கேமராவின் அடியில் மாட்டி ஹெட்டில் பொருத்தும் பிளேட் என்று வரிசையாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குமுன் அந்த ஜீப் டிரைவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏரிக்குப் போக வேறு வழியில்லை, ஜீப்தான். பேசிய வாடகையை ஏறும்போதே கொடுத்துவிட்டோம். குண்டும் குழியுமான பாதையில் இரண்டு மணி நேரம், என்னோடு வந்த அண்ணன் தன் ட்ரைபாட் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவருடையது மடக்கினாலும் 60 செ.மீ. இருக்கும், எந்தப் பையிலும் அடங்காது. இறங்கும்போது அந்த டிரைவர், "கம்பிப் பைக்குத் தனியாத் தரணும்" என்று மறித்துக்கொண்டு நின்றார். மடியில் வந்த பைக்கு எதற்குத் தனிக்காசு என்று கேட்டால், "லக்கேஜ் லக்கேஜ்தான்" என்கிறார். இருட்டுவதற்குள் இடம் பிடிக்க வேண்டுமே என்று கொடுத்துத் தொலைத்தோம். அநியாயம், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. என்னுடையது 35 செ.மீ.க்குள் மடங்கி முதுகுப்பைக்குள் போய்விட்டதால் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடம் மட்டும் நான் வாங்கியதுதான் சரி என்று தோன்றியது.

இரவு பத்து மணிக்கு மேல் அந்த நினைப்பு போய்விட்டது.

20 மி.மீ. லென்ஸ், முழு ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமரா. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் வருவதுதான் நட்சத்திரம் கோடாகாமல் எடுக்கக்கூடிய நொடிகள் என்பது பழைய கணக்கு. அதன்படி 25 நொடி. (இன்றைய அதிக மெகாபிக்சல் கேமராக்களுக்கு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது.) எல்லாக் கால்களையும் முழுதாக இழுத்து, நடுத்தண்டையும் மேலே ஏற்றி, கண் உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். காற்றுக்குப் பாரம் வேண்டுமே என்று நடுத்தண்டின் கீழ்க் கொக்கியில் என் பையைத் தொங்கவிட்டேன். பை ஊஞ்சல் போல ஆட ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து கேமராவும் ஆடியது.

அண்ணன் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். "தம்பி, முதல்ல அந்த நடுத்தண்டை இறக்குங்க. மூணு கால்ல நிக்கிறதை ஏன் ஒத்தைக் கால்ல நிக்க வைக்கிறீங்க?" என்றார். அப்புறம் என் பையின் அடிப்பகுதி தரையில் லேசாகப் படும்படி வாரை நீட்டிவிட்டார். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் போகவில்லை. கடைசிக் காலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "இது பென்சில் கணக்கா இருக்கு, என்னதான் பண்ணாலும் ஆடத்தான் செய்யும்" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ட்ரைபாட் மடங்க வேண்டும் என்றால் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைய வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஏறக்குறைய 3 மி.மீ. குறையும். என்னுடையதில் மேல் குழாய் 22 மி.மீ., ஐந்தாவது அடுக்குக்கு வரும்போது 10 மி.மீ. தான் மிஞ்சுகிறது. மொத்த ட்ரைபாடும் அந்தப் பத்து மில்லிமீட்டர் மேல்தான் நிற்கிறது. குழாயின் சுவர் கனம் ஒன்றாகவே இருந்தால், அது வளையாமல் நிற்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 22 மி.மீ. குழாய்க்குப் பதில் 28 மி.மீ. போட்டால் பலம் இரண்டு மடங்கு. வெறும் 6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அண்ணனுடையது 28-இல் ஆரம்பிக்கிற மூன்று அடுக்குக் கால், நடுத்தண்டே கிடையாது. அதில் என் கேமராவை மாட்டி எடுத்தவைதான் அந்த ஆறு படங்கள். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் ஊசி குத்தினாற்போல இருக்கிறது.

ஆக, என் கட்சி இதுதான்: பயணத்துக்கு எடையைக் குறைக்க வேண்டுமென்றால் உயரத்தைக் குறையுங்கள், குழாயின் விட்டத்தைக் குறைக்காதீர்கள். எல்லோரும் கடையில் முதலில் கேட்பது "எவ்வளவு உயரம் போகும்?" என்பதைத்தான். என் உயரம் 172 செ.மீ. நடுத்தண்டை ஏற்றாமல் கால்கள் மட்டும் 125 செ.மீ. போனால், அதன் மேல் ஹெட் 10 செ.மீ., கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் இடம் வரைக்கும் இன்னொரு 8 செ.மீ., மொத்தம் 143 ஆகிவிடும். கொஞ்சம் குனிந்தால் போதும். திருப்பக்கூடிய திரை உள்ள கேமராவுக்கு அதுவும் வேண்டாம். என் நல்ல படங்களில் பாதிக்கு மேல் இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழேயோ எடுத்தவைதான். சரிவான இடத்தில் ஒரு காலை மட்டும் நீளமாக இழுக்க வேண்டி வரும், அதற்கு மட்டும் கொஞ்சம் கையிருப்பு இருந்தால் நல்லது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கேமராவை மாட்டி, லைவ் வியூவில் (லென்ஸ் காண்பதை அப்படியே பின் திரையில் காட்டும் வசதி) 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்தில் உள்ள ஏதாவது எழுத்தைத் திரையில் கொண்டுவந்து, லென்ஸின் முனையை விரலால் மெல்லத் தட்டுங்கள். எழுத்து துடிக்கும். எத்தனை நொடியில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். அண்ணனுடையதில் ஒரு நொடிக்குள் அடங்கியது. என்னுடையதில் நான்கு நொடி ஆகியும் மெலிதாகத் துடித்துக்கொண்டிருந்தது. இதற்குத்தான் ரிமோட்டோ இரண்டு நொடி டைமரோ வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் நான்கு நொடி ஆடுகிற ட்ரைபாடுக்கு இரண்டு நொடி டைமர் எப்படிப் போதும்? பத்து நொடி டைமர் வைத்துத்தான் சமாளித்தேன்.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்ற கேள்விக்குப் பதில் பாக்கெட்டைப் பொறுத்தது. கிட்ஸோ நிறுவனம் 1994-இல் கார்பன் ஃபைபர் ட்ரைபாடைக் கொண்டுவந்தது, இன்று எல்லா நிறுவனங்களிலும் கிடைக்கிறது. எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், விடியற்காலைக் குளிரில் கையில் ஒட்டாது. அலுமினியம் அந்த நேரத்தில் விரலைக் கடிக்கிறது. ஆனால் வித்தியாசம் எவ்வளவு? பீக் டிசைன் டிராவல் ட்ரைபாடை எடுத்துக்கொண்டால், கார்பன் 1.27 கிலோ, அலுமினியம் 1.56 கிலோ. 300 கிராமுக்கும் குறைவு. விலை வித்தியாசமோ மலைப்பாக இருக்கும். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. இல்லாதவர்கள் தடிமனான அலுமினியக் கால்களை வாங்கி, மிச்சத்தை நல்ல ஹெட்டில் போடுவது புத்திசாலித்தனம். அலுமினியத்தில் மேல் காலில் சைக்கிள் கைப்பிடி டேப்பைச் சுற்றிவிட்டால் குளிர்ப் பிரச்சினையும் தீரும். மெலிந்த கார்பனை விடத் தடித்த அலுமினியம் எவ்வளவோ மேல்.

ஹெட்டில் என்ன கஷ்டம் வரும் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. முதல் வெயில் எதிர்ச் சிகரத்தின் நுனியில் மட்டும் விழும், அது நிற்பது ஓரிரு நிமிடம்தான். தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸை மாட்டி, சிகரத்தைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி, ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். கண் முன்னாலேயே சிகரம் மெல்ல மேலே ஏறியது. அதாவது லென்ஸின் கனத்தில் கேமரா மூக்கு கவிழ்ந்தது. திரும்பச் சரி செய்தேன், திரும்பக் கவிழ்ந்தது. மூன்றாவது தடவை வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்திப் பிடித்து இறுக்கி, அது கவிழ்ந்து சரியான இடத்துக்கு வந்தபோது வெயில் சிகரத்தை விட்டு இறங்கிவிட்டது. அவ்வளவு தூரம் போய் அதைத் தவறவிட்டதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

காரணம் ஹெட்டின் பந்து சிறியது. சின்னப் பந்தில் பிடிமானப் பரப்பு குறைவு, எவ்வளவு முறுக்கினாலும் கடைசியில் கொஞ்சம் நழுவும். பயணத்துக்கு இப்படிப் பந்து மேல் திரும்பும் பால் ஹெட்தான் சரி. மூன்று கைப்பிடி உள்ள ஹெட் துல்லியமானது, ஆனால் பைக்குள் எந்தப் பக்கம் திணித்தாலும் முட்டும். பால் ஹெட்டில் பந்து 35 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் முடிவு. பந்தை இறுக்கும் திருகு, எவ்வளவு கனமாக அசைய வேண்டும் என்று வைக்கும் திருகு, அடியில் சுழற்றும் தட்டுக்குத் தனித் திருகு என மூன்றும் இருப்பது நல்லது. முதல் திருகு மட்டும் உள்ள ஹெட்டைத் தளர்த்தினால் கேமரா பொத்தென்று தலைகுப்புற விழும். லென்ஸ் என் கையில் இடித்த வலி இன்னும் இருக்கிறது. 70-200 போன்ற லென்ஸுக்குக் காலர் (லென்ஸைச் சுற்றிய, அடியில் பாதம் உள்ள வளையம்) இருந்தால், ஹெட்டில் கேமராவை அல்ல, காலரை மாட்டுங்கள். கனம் நடுவில் வந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். ஹெட் காலில் 3/8 அங்குலத் திருகில் ஏறுகிறது. கேமராவை இடப்பக்கமாகத் திருப்பும்போது சில நேரம் ஹெட்டே கழன்று வரும். நல்ல கால்களில் மேல் தட்டின் அடியில் குட்டித் திருகுகள் இருக்கும், அவற்றை அலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) இறுக்கிவிட்டால் அசையாது. எனக்கு இது நான்காம் நாள்தான் தெரிந்தது.

பிளேட் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், ஆர்க்கா ஸ்விஸ் வகைதான். சரிந்த விளிம்புள்ள அந்த 38 மி.மீ. தட்டை இன்று பெரும்பாலான நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் அளவில் நூலிழை வித்தியாசம் உண்டு. நெம்புகோல் வைத்த பிடிப்பான் எல்லாத் தட்டையும் ஒரே மாதிரி கவ்வாது, திருகு வைத்தது எதையும் கவ்வும். அவசரத்துக்கு நெம்புகோல் சுகம்தான், என்றாலும் நான் திருகுக்கே ஓட்டுப் போடுவேன். செங்குத்துப் படம் அதிகம் எடுப்பவர்கள், கேமராவை நிமிர்த்தியும் மாட்ட உதவும் 'எல்' வடிவ பிளேட்டான எல் பிராக்கெட் வாங்கிவிடுங்கள். ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் கனம் முழுக்க ஒரு பக்கம் தொங்கி, கேமரா கால் அங்குலத் திருகின் மேலேயே மெல்லச் சுழலும்.

அருவியில் மட்டும் எல்லாம் நன்றாக நடந்தது. 64-இல் ஒரு பங்கு வெளிச்சம் மட்டும் விடும் ஆறு ஸ்டாப் ஃபில்டர், அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரை மாற்றி மாற்றி எடுத்தேன். எனக்கு அரை நொடிதான் பிடித்தது. தண்ணீர் பட்டுப் போல இறங்கினாலும் அதன் நரம்புகள் தெரிகின்றன. காற்றே இல்லை. முழங்கால் உயரத்தில் வைத்ததால் என் ட்ரைபாடும் கல் போல நின்றது. தண்ணீருக்குள் காலை வைக்கும்போது முதலில் கடைசி அடுக்கை இழுங்கள். அப்போதுதான் மற்றப் பூட்டுகள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும், மண் ஏறாது. (காற்றடிக்கும் தரையில் இதற்கு நேர்மாறாக, தடித்த மேல் அடுக்குகளை முதலில் இழுக்க வேண்டும்.) கடற்கரையில் இதை மறந்துவிட்டேன், அடுக்குகளை முறுக்கிப் பூட்டும் ட்விஸ்ட் லாக்கைத் திருகும்போதெல்லாம் நறநறவென்று பல்லைக் கூசவைக்கும் சத்தம். அன்றிரவே அறையில் எல்லா அடுக்கையும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துணி விரித்துக் காய வைத்தேன். உப்பை ஒரு நாள் விட்டால்கூட அரிக்க ஆரம்பித்துவிடும்.

விமானத்தில் கொண்டுபோவது தனித் தலைவலி. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ, நீளம் 55 செ.மீ.தான். ஹெட்டைக் கழற்றிக் கைப்பையிலும், கால்களைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியிலும் போட்டேன். இரண்டு தடவையும் சிக்கல் வரவில்லை. கால்களை 180 டிகிரி மேலே மடக்கி ஹெட்டைச் சுற்றி அடக்கும் வகை என்றால் நீளம் இன்னும் குறையும்.

இவ்வளவும் பார்த்தபிறகு நான் தேடுவது: 28 மி.மீ. கால், நான்கு அடுக்கு, நடுத்தண்டு இல்லாதது அல்லது கழற்றக்கூடியது, 36 மி.மீ. பந்து, எல்லாம் சேர்த்து 1.8 கிலோவுக்குள். பணம் சேர இன்னும் ஆறு மாதமாவது ஆகும். அடுத்த பயணமோ அடுத்த மாதம்.

அதனால் இன்று காலை பழையதை மாடிக்கு எடுத்துப்போனேன். நல்ல காற்று. நடுத்தண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மெலிந்த கடைசி இரண்டு அடுக்கையும் இழுக்காமல், மேல் மூன்றை மட்டும் விரித்தேன். இடுப்பு உயரம்கூட வரவில்லை. அதே 10 மடங்கு, லென்ஸ் முனையில் அதே தட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அடுத்த மாதம் தரையில் உட்கார்ந்தே நட்சத்திரம் எடுக்கப் போகிறேன். விரித்து உட்கார ஒரு பாய் மட்டும் பையில் வைக்க வேண்டும்.