அஞ்சு சுண்டு சீனி

கனடாவுக்குப் போனவர்கள் வீடு வாங்குவார்கள், கார் வாங்குவார்கள், அப்புறம் ஊரில் இருப்பவர்களுக்கு அறிவுரை அனுப்புவார்கள். நம்ம மச்சான் இந்த மூன்றையும் முடித்துவிட்டு இப்போது பியர் காய்ச்சுகிறார். அங்கே சொந்தக் குடிக்கு வீட்டில் காய்ச்சினால் யாரும் கேட்கமாட்டார்களாம். அக்காவோடு பேசலாம் என்று வீடியோ கால் எடுத்தால் திரையில் அக்காவைக் காணோம், ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா நிற்கிறது.

“கையால கணக்குப் போடுற காலமெல்லாம் போயிருச்சு மச்சான். எல்லாம் சாப்ட்வேர்தான்” என்று ஆரம்பித்தார். பியர்ஸ்மித் பழைய ஆள், காசு கொடுத்து வாங்க வேண்டும், அதில் இல்லாத பட்டன் கிடையாது. ப்ரூஃபாதர் பிரவுசரிலும் ஓடும், போனிலும் ஓடும். ப்ரூடார்கெட் முழுக்க இலவசம். ஒன்றில் எழுதிய ரெசிபியை பியர்எக்ஸ்எம்எல் கோப்பாக்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட மனிதர் இவ்வளவு விசாரிக்கவில்லை.

“நீயும் காய்ச்சு. 1881லயே நுவரெலியாவுல ப்ரூவரி இருந்துச்சு. ஒன் ஊருத் தண்ணிக்கு வராத பியரா?”

அந்த ப்ரூவரி எப்போதோ பியகம பக்கம் மலையிறங்கிப் போய்விட்டது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் மட்டும் எங்கேயும் போகவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே காய்ச்சினால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை, கேஸ். ஒரு வாளியில் குமிழி வந்தாலே கசிப்புச் சாராயம் என்று பக்கத்து லயம் வரைக்கும் பேச்சுப் போய்விடும். அதனால் தீபாவளிக்கு அம்மாயி போடும் இஞ்சி பீரைக் கணக்கில் ஏற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பச்சைப் பிள்ளைக்கும் கொடுக்கிற சாமான், யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

எந்த மென்பொருளை எடுத்தேன் என்று சொல்லமாட்டேன், திட்ட வேண்டியிருக்கிறது. கோயில் படிக்கட்டில் கிடைக்கிற இரண்டு கோடு சிக்னலில் அதுதான் முழுதாக இறங்கியது, தேர்வு அவ்வளவுதான். திறந்ததும் வாழ்த்துச் சொல்லவில்லை, விசாரணை தொடங்கியது. உங்கள் சட்டி எத்தனை லீட்டர்? ஒரு மணி நேரம் கொதித்தால் எவ்வளவு ஆவியாகும்? சட்டியின் அடியில் எவ்வளவு மிஞ்சும்?

அம்மாயியிடம் கேட்டேன். “மிஞ்சுனா புள்ளைங்க நக்கிரும்” என்றார். பூச்சியம் என்று போட்டேன்.

உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டது. 1868 மீட்டர் என்று கொடுத்தவுடன், உங்கள் வீட்டில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 94க்குக் கொஞ்சம் கீழேயே கொதித்துவிடும் என்று சொல்லிற்று. வெள்ளிக்கிழமை சுண்டலுக்குக் கடலை வேகவில்லை என்று அம்மா காலங்காலமாக விறகைத் திட்டுகிறார், விறகு கொண்டுவந்த என்னைத் திட்டுகிறார். ஓடிப்போய்ச் சொன்னேன். “அதுக்கு நான் மலைய எறக்கவா? நல்ல வெறகாப் பாத்துக் கொண்டா” என்றார்.

அடுத்தது என்ன ரகம் என்ற கேள்வி. பெல்ஜியக் கோதுமை பியரா, ஜெர்மன் கறுப்பு பியரா, ஐரிஷ் ஸ்டவுட்டா? பட்டியல் மட்டக்குளிய பஸ் வரிசை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பங்களாவில் சமைத்த கோக்கியிடம் அம்மாயி கற்றுக்கொண்டு வந்த ரகம் அதில் இல்லை. கையில் அகப்பட்ட ஒன்றைத் தொட்டுவைத்தேன். உடனே திரை முழுக்கச் சிவப்பு. கசப்பு போதாதாம், நிறம் போதாதாம், கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் எங்கே, முளைகட்டிய தானிய மோல்ட் எங்கே என்று ஒரே அதட்டல். இஞ்சியை ‘இதர பொருட்கள்’ என்று ஒரு மூலையில் தள்ளியிருந்தது. இஞ்சி பீரில் இஞ்சி இதரமாம்!

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், சுண்டு என்ற நம்ம ஊர் அளவைத்தான் அதால் பொறுக்க முடியவில்லை. அம்மாயியின் கணக்கு, பத்து லீட்டர் தண்ணீருக்கு அஞ்சு சுண்டு சீனி, கை கொள்கிற இஞ்சி, நாலு தேசிக்காய், கொஞ்சம் பிளம்ஸ், கராம்பு, பாண் ஈஸ்ட் ஒரு சிட்டிகை. மென்பொருளுக்குக் கிராம் வேண்டும். கூம்பாக அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்று கேட்டதற்கு, “ஆளப் பாத்து அளக்கணும்” என்றார். தலைதட்டியே அளந்து கடைத் தராசில் போட்டேன். அஞ்சு சுண்டு கிட்டத்தட்ட ஒரு கிலோ வந்தது.

ஒரு கிலோ என்று ஏற்றினேன். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதன் தொடக்க அடர்த்தி 1.038 என்றது. சரி. ஈஸ்ட் சீனியை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தால் மதுசாரம் 5 சதவீதத்துக்கு மேல் என்றது. கடையில் விற்கிற லயன் லாகரே 4.8தான். பச்சைப் பிள்ளைக்கும் கொடுக்கிற சாமான்!

இரண்டு மூன்று நாளில் குடித்து முடித்தால் பெயருக்குத்தான் இருக்கும், அதுவும் நம்ம ஊர்க் குளிரில் ஈஸ்ட் கம்பளிக்குள்தான் கிடக்கும். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் கதை வேறு. அம்மாயியிடம் இதைச் சொல்வதற்கு முன் நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தேன். குடியை ஒழிக்க மாரியம்மனுக்கு மண்சோறு சாப்பிட்டவர் அவர். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன அடர்த்தி இறங்கும், அதைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் வேண்டும். அதற்கு இங்கே எங்கே போவது? பால் சென்டர் மாமாவிடம் இருக்கிற லாக்டோமீட்டர் அதே ஜாதிதான். பாலில் மிதக்கவிட்டால் 28இலிருந்து 32க்குள் காட்டும், அதாவது 1.028இலிருந்து 1.032. அதற்குக் கீழே போனால் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று மாமா பால்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கருவியை என் கையில் தரமாட்டேன் என்று மாமாவே வீட்டுக்கு வந்தார். கரைசலில் விட்டார். 38.

“முப்பத்தெட்டா! என்னா மாடுடா இது?”

இது பாலில்லை என்று சொன்னேன். மாமாவின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. ஈஸ்ட் போட்டு, வாளிக்குக் கம்பளி சுற்றி, அம்மா அடுப்போரம் வைத்தார். சில நாள் கழித்து மாமா திரும்ப வந்து விட்டுப் பார்த்தார். குமிழி ஒட்டிக்கொண்டால் கருவி மேலே தூக்கிக் காட்டும் என்பதால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டேன். 20. மாமா யாரையும் குற்றம் சொல்லவில்லை, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை மட்டும் பார்த்தார். எத்தனையோ வருடம் தண்ணீர்ப் பாலைப் பிடித்துப் பழகிய கண். அதற்கப்புறம் ஒரு நாள் கருவி நேரே அடிக்குப் போய் டொக்கென்று முட்டி நின்றது. “இதுல மாட்டுக்குச் சம்பந்தமே இல்ல” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

மென்பொருள் சொன்னது உண்மைதான். இனி அம்மாயிக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் தாத்தா கதையைச் சொல்லியாக வேண்டும். சம்பள நாள் என்றால் தவறணை, சம்பளம் முடிந்தாலும் தவறணை, கடனுக்கு. தீபாவளி மாதம் மட்டும் மனிதர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து, இஞ்சி பீர் குடித்து, பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, அப்படியே தூங்கிப்போவார். மாரியம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஊரே சொல்லும். வருடா வருடம் கண் திறந்து, கார்த்திகை பிறந்ததும் மூடிக்கொள்வாள். தாத்தாவின் பங்கு மட்டும் கட்டிலுக்கடியில் சாக்குப் போட்டு மூடி ஒரு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

மெதுவாகத்தான் சொன்னேன். போனைக் காட்டினேன். “அம்மாயி, இதக் கூட நாள் வச்சா அஞ்சு சதவீதம் சாராயச் சத்து வருதாம்.”

அம்மாயி போனைப் பார்க்கவில்லை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“பின்ன என்னாத்துக்கு அஞ்சு சுண்டு போட்டேன்? கோக்கி சொன்னது மூணுதான்.”

எனக்கு வாய் வரவில்லை.

“தவறணைக்குப் போனா சம்பளத்தோட போவாரு. இங்கன்னா ரெண்டு போத்தல்ல தூங்கிருவாரு. மாரியம்மாளுக்கும் ஒரு ஒத்தாசை வேணும்ல?” அப்புறம், “ஒன் போன்ல அத மூணுன்னு மாத்தி வையி. இப்ப யாருக்கு அஞ்சு?”

மாற்றினேன். 600 கிராம், தொடக்க அடர்த்தி 1.023. திரையில் சிவப்பு இன்னும் கூடியது. ரெசிபி செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அம்மாயி பெயரைப் போட்டேன். உதவியாளர் என்ற கட்டத்தில் மச்சான் தன் பெயரைப் போடச் சொல்கிறார், போடப்போவதில்லை.

பிள்ளைகளுக்கென்று புது வாளி கலக்கிய அன்று அம்மா சமாதானம் பேசி மாமாவை மறுபடி கூப்பிட்டிருந்தார். மாமா கருவியை விட்டார், குனிந்து பார்த்தார். 23. துடைத்து உறைக்குள் போட்டார்.

“ஏன்க்கா, கொஞ்சமா கலந்தாலும் பரவாயில்ல. இம்புட்டுத் தண்ணியா?”