ஊழல் தடுப்புப் பயிற்சிக்குப் போகிறீர்களா? நான் படித்த விதம்

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். போன வருஷம் ஐந்து நாள் ஊழல் தடுப்புப் பயிற்சிக்கு என் பெயரும் போனது. கடைசி நாள் தேர்வு உண்டு. அடுத்த அணியில் போகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018 திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள். அலுவலகங்களில் கைமாறி வரும் பழைய ஜெராக்ஸ் குறிப்புகளில் 7-வது பிரிவுக்கு (அரசு ஊழியர் லஞ்சம் வாங்குவது) தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை என்று இருக்கும். இப்போது குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. நான் பழைய குறிப்பை உருப்போட்டுக்கொண்டு போய் முதல் நாள் மாதிரித் தேர்வில் கோட்டைவிட்டேன். லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு என்கிற 8-வது பிரிவையும் விடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் என்றால் கேட்டதற்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிற கணக்கோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டிய 17 இனங்கள் 4-வது பிரிவில் இருக்கின்றன. எங்களுக்குக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

இரண்டாம் நாள் பொறிவைத்துப் பிடிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். பினாஃப்தலீன் பொடி தடவிய நோட்டைத் தொட்ட விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் தண்ணீர் ரோஜா நிறமானது. வகுப்பே கப்சிப். "இதைப் பார்த்துப் பயந்தவர் லஞ்சத்தை விடுவாரா, டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வாரா?" என்று கேட்டார் பயிற்றுநர். யாரும் வாய் திறக்கவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

எனக்கு உண்மையில் உதவியது மூன்றாம் நாள். ராபர்ட் கிளிட்கார்ட் என்ற பொருளியல் அறிஞரின் சூத்திரத்தைப் பயிற்றுநர் பலகையில் எழுதினார்: ஏகபோகம், அதோடு இஷ்டப்படி முடிவெடுக்கும் அதிகாரம், அதிலிருந்து பதில் சொல்லும் பொறுப்பைக் கழித்தால் மிஞ்சுவது ஊழல். இதை மனப்பாடம் செய்து ஒன்றும் ஆகாது. அவர் தந்த வேலையைத்தான் செய்து பார்க்க வேண்டும்: உங்கள் மேசைக்கு வரும் ஒரு மனுவை எடுத்து, அது யார் யார் கைக்குப் போகிறது, எங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள்.

வீட்டு வரிப் பெயர் மாற்ற மனுவை எடுத்தேன். ஏழு கட்டம் வந்தது. கோப்பு மேசைகளுக்கு நடுவில்தான் தேங்குகிறது என்று நினைத்திருந்தேன். வரைந்து முடித்ததும்தான் புரிந்தது, பாதி மனுக்கள் பதிவேட்டுக்கே வருவதில்லை. தேதி முத்திரை இல்லாமல் வாங்கி, ஒப்புகைச் சீட்டு தராமல் டிராயரில் வைத்துவிடுகிறார்கள். தேதி இல்லாத மனுவுக்குத் தாமதம் என்று எதைச் சொல்வது? "அவரைப் பாருங்கள், முடித்துத் தருவார்" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிறு வீடுகளுக்கான கட்டட அனுமதியில் தமிழ்நாட்டில் 2024-இல் வந்த, விண்ணப்பிப்பவரே உறுதி தரும் சுயசான்றிதழ் முறையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. இடையில் இருந்த மேசைகளைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

நான்காம் நாள் சிமென்ட் சாலை ஒன்றை அளக்கக் கூட்டிப் போனார்கள். டேப், எம்-புக் (முடித்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்), வெயில். எம்-புக்கில் உள்ள நீளம் தரையில் இருக்கிறதா என்று நாமே டேப் பிடித்துப் பார்த்தால் தணிக்கைக் கேள்விகள் தானாக மனசில் நிற்கும். தொப்பி எடுத்துப் போங்கள்.

தேர்வில் சூழ்நிலைக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். 'ஊராட்சித் தலைவரே ஒரு ஒப்பந்ததாரரின் பில்லை உடனே பாஸ் பண்ணச் சொல்கிறார், என்ன செய்வீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். பலர் நேர்மை பற்றி இரண்டு பக்கம் எழுதினார்கள். எம்-புக்கில் அளவு சரிபார்க்கப்பட்டதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் குறையைக் கோப்பில் தேதியிட்டுக் குறிப்பேன், வாய்மொழி உத்தரவை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்பேன் என்று நான் ஆறு வரிதான் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

திரும்பி வந்ததும் 180 ரூபாய்க்கு ஒரு தேதி முத்திரை வாங்கினேன், சொந்தக் காசில். ஸ்டாம்ப் பேடில் மைதான் அடிக்கடி காய்ந்துபோகிறது.