வெடிப் புகையும் வாடைக் காற்றும்

தீபாவளி நெருங்கும்போது யாழ்ப்பாணத்தின் வளி மாசைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு வெடி கொளுத்துவார்கள் என்பதைவிட, அன்று காற்று எப்படி இருக்கும் என்பதே முதலில் அறியவேண்டியது. வெடி கொளுத்தும் நாள் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. காற்று திரும்பும் நாள் அதில் இல்லை.

நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து நாட்கள் நடந்து ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் அந்தக் காலத்தில் சனமும் வாகனமும் கற்பூரப் புகையும் நகரத்தில் நிறைந்திருந்தாலும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் பலமாக அடிப்பதால் எந்தப் புகையும் ஓரிடத்தில் தங்குவதில்லை. தீபாவளியோ, சோளகம் ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து வரும் வாடை இன்னும் நிலைகொள்ளாத இடைக்காலத்தில் வருகிறது. அப்போது காற்று மெலிந்து, திசை மாறியபடி இருக்கும். பொழுதுபட்டதும் நிலம் குளிர, காற்று மேலும் கீழுமாகக் கலக்கும் படலம் தாழ்ந்துவிடும். நடுப்பகலில் கொளுத்தியிருந்தால் உயர எழுந்து கலைந்துபோயிருக்கக்கூடிய புகை, இரவில் நாம் மூச்செடுக்கும் மட்டத்திலேயே நின்று, மறுநாள் வெயில் ஏறும்வரை கிடக்கும்.

எதிர்வுகூறும் கணினி மாதிரிகள் கடந்தகாலத் தரவுகளிலிருந்து கற்பவை. அவற்றுக்கு மாதம், திகதி, மணி, வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம் ஆகியவற்றை மட்டும் கொடுத்தால் தீபாவளி அவற்றின் கண்ணில் படாது. 2022இல் அது ஒக்டோபர் 24. 2023இல் நவம்பர் 12. 2024இல் ஒக்டோபர் 31. 2025இல் ஒக்டோபர் 20. திகதியை மட்டுமே அறிந்த மாதிரி, ஓர் இரவின் கூர்மையான உச்சத்தை மூன்று வாரங்களின்மேல் மெல்லியதாகப் பரப்பிவிடும். ஆகவே, தீபாவளிக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் என்ற எண்ணையே ஓர் உள்ளீடாகக் கொடுக்கவேண்டும். கார்த்திகை விளக்கீட்டுக்கும் இதுவே முறை. சூரியனை ஒட்டி வரும் தைப்பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. திகதி நகரும்போது அதனுடன் காற்றுக் காலமும் மாறுகிறது என்பதையும் மறக்கக்கூடாது: ஒக்டோபர் நடுப்பகுதியில் வரும் தீபாவளியைவிட நவம்பரில் வருவது வாடைக்கு மிக அருகில் இருக்கிறது.

வாடையைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒக்டோபர், நவம்பரில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடைக்குப் பின் வயல்களில் வைக்கோல் எரிக்கிறார்கள். அந்தப் புகை கங்கைச் சமவெளியின் தொழிற்சாலை, வாகனப் புகைகளோடு சேர்ந்து வங்காள விரிகுடாவின்மேல் பரவி, வடகிழக்குக் காற்றில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடந்து எங்களிடம் வரக்கூடியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் விரிகுடாவில் நின்றபோது வட இந்தியாவின் மாசடைந்த காற்று இலங்கையை மூடியது. டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே வாரத்தில்தான் கார்த்திகை விளக்கீடும் வந்தது. யாழ்ப்பாணத்தின் அளவீடுகளை மட்டும் படித்த மாதிரி ஒன்று, அந்தப் புகை முழுவதையும் கோயில்களில் எரித்த சொக்கப்பனையின் கணக்கில் எழுதியிருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய முடியும். வெடிப் புகை ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறி, விடிந்தபின் இறங்கும். வடக்கிலிருந்து வருவது மெதுவாக ஏறி நாட்கணக்கில் நிற்கும். யாழ்ப்பாணத்தோடு கொழும்பிலும் கண்டியிலும் அளவு உயரும். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை ஐந்து நாட்களுக்கான உலகளாவிய எதிர்வுகூறலை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கட்டங்களில் வெளியிடுகிறது. அதில் குடாநாடு முழுவதும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், பரந்து வரும் வடக்குப் புகை மட்டுமே அதற்குத் தெரியும். ஒழுங்கையில் வெடிக்கும் சீன வெடி தெரியாது. பின்னணி அளவை அதிலிருந்து எடுத்து, அதன்மேல் பஞ்சாங்கம், காற்று, மழை ஆகிய மூன்றையும் கொண்ட சிறிய உள்ளூர் மாதிரியைச் சேர்ப்பதே எங்களுக்குப் பொருந்தும் வழி என்று நான் நம்புகிறேன். மழைதான் அவற்றில் கடினமானது. ஐப்பசியின் பின்னேர மழை துகள்களையும் கழுவும், வெடிகளையும் நனைக்கும்; அது எந்த மணிக்குப் பெய்யும் என்பதை முதல்நாளே சொல்வது எளிதன்று.

அளவிடும் கருவிகளிலும் கவனம் வேண்டும். மலிவான உணரிகள் துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக்கொண்டே கணக்கிடுகின்றன. கடலும் ஏரியும் சூழ்ந்த ஊரில், ஈரப்பதன் மிகுந்த இரவில் உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, உள்ளதைவிட அதிக மாசு இருப்பதாகக் காட்டும். இதைத் திருத்தாமல் மாதிரிக்குப் புகட்டினால், அது பனியைப் புகையென்று கற்றுக்கொள்ளும்.

மாதிரியின் திறமையை ஆண்டுச் சராசரிப் பிழையைக் கொண்டு மதிப்பிடுவதையும் நான் ஏற்கவில்லை. ஆண்டின் பெரும்பகுதி சாதாரண நாட்களே ஆனதால், தீபாவளியை முழுவதும் தவறவிட்ட மாதிரிகூட அந்தக் கணக்கில் நன்றாகத் தேறிவிடும். மோசமான இரவுகளில் எத்தனையை முன்கூட்டியே சொன்னது, எத்தனை முறை வீணாக எச்சரித்தது என்றே கேட்கவேண்டும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணித்தியால வழிகாட்டி அளவு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கையின் நியமம் 50. இரண்டுமே நாள் முழுவதற்குமான சராசரிகள். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு முட்டு வருவது அந்தச் சராசரியால் அன்று, இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அது இழுக்கும் மூச்சால். மணித்தியால எதிர்வுகூறல் இல்லாமல் அந்தப் பிள்ளையின் தாய்க்கு நாம் பயனுள்ள எதையும் சொல்ல முடியாது.

எங்கிருந்து வரும் புகை என்பதையும் அறிவித்தலில் சொல்லவேண்டும், ஏனெனில் செய்யவேண்டியது வேறுபடுகிறது. உள்ளூர் வெடிப் புகை என்றால், அன்றிரவு சன்னல்களைச் சாத்தி, இன்ஹேலரைக் கையருகில் வைத்து, காலையில் காற்று தெளிந்ததும் திறந்துவிடலாம். வடக்குப் புகை என்றால் சன்னலைச் சாத்துவது அவ்வளவாக உதவாது. பாடசாலை விளையாட்டையும் வெளிவேலையையும் இரண்டு மூன்று நாட்களுக்குக் குறைக்கவேண்டும். தீபாவளிக்கு மறுநாள் விடியமுன்னரே வெடிக் கடதாசிகளைக் கூட்ட வீதிக்கு வரும் மாநகர சபைத் தொழிலாளருக்கோ இரண்டு புகையும் ஒன்றாகவே கிடைக்கக்கூடும். அவர்களுடைய வேலை நேரத்தை வெயில் ஏறும்வரை தள்ளிவைக்க வேண்டுமா என்பதை முதல்நாள் மதியத்துக்குள் சொல்லக்கூடிய எதிர்வுகூறல் ஒன்றே இந்த நகரத்துக்கு முதலில் தேவை.