மல்லிகையை எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது

ஆளுயரத்துக்கு வளர்ந்து, இலையெல்லாம் கரும்பச்சையாகப் பளபளக்கிற மல்லிகைச் செடி. வைத்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ஆனால் சீசனில் ஒரு கைப்பிடி பூகூடத் தேறாது. இப்படிப்பட்ட செடி வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன உரம் போடலாம்?" என்றுதான். உரக் குறை இருந்தால் இலை அப்படிப் பளபளக்காது. அந்தச் செடிமேல் வருடக்கணக்கில் கத்தரி படவில்லை என்பதுதான் பெரும்பாலும் கோளாறு.

மல்லிகை முற்றிய கிளையில் பூப்பதில்லை. அந்தப் பருவத்தில் புதிதாக விட்ட தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஒரு தளிரைக் கையில் பிடித்துப் பாருங்கள். எதிரெதிராக இலை விட்டுக்கொண்டே போகும். சில இணை இலை வந்ததும் நுனி நின்று, அங்கே பெரும்பாலும் மூன்று மொட்டு சேர்ந்து வரும். நடு மொட்டு முதலில் மலரும், பக்கத்து இரண்டும் பின்னால். மூன்றும் போன பிறகு அந்த நுனிக்கு வேலை முடிந்தது. காய்ந்த சிறு காம்பு ஒன்றுதான் மிஞ்சும். அதற்குக் கீழே உள்ள இலை இணையில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கவனித்தால், இரண்டு பக்கமும் கடுகு அளவில் பச்சைக் கண் தெரியும். நுனியை அந்த இலைக்குச் சற்று மேலே நறுக்கிவிட்டால் இரண்டு கண்ணும் தளிராகும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி. மல்லிகை வளர்ப்பின் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அதனால் மல்லிகைக்கு இரண்டு விதமான வெட்டு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பெரிய கவாத்து. பூக்கும் மாதங்களில் அவ்வப்போது நுனி நறுக்குவது.

பெரிய கவாத்தை, பூப்பு ஓய்ந்து, மழை விட்டு, குளிர் தொடங்கும் சமயத்தில் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். தரையில் உள்ள செடியைத் தரைமட்டத்திலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். தொட்டிச் செடிக்கு மண்ணிலிருந்து ஓரடி போதும். முதலில் காய்ந்த குச்சி, பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளை, பிறகு தீக்குச்சியைவிட மெலிந்த குச்சிகள், இந்த வரிசையில் எடுத்துக்கொண்டே வந்தால் எட்டுப் பத்து நல்ல கிளைகள் நிற்கும். மிஞ்சிய இலைகளையும் உருவிவிடலாம். பூச்சி முட்டையும் சிலந்திப் பேனும் குடியிருப்பது அந்தப் பழைய இலைகளின் அடியில்தான்.

வெட்டு கணுவுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக இருக்கட்டும். அதைவிட உயரத்தில் வெட்டினால் மேலே மிஞ்சும் கட்டை காய்ந்து, அந்தக் காய்வு தண்டில் கீழே இறங்கும். ரொம்ப ஒட்டி வெட்டினால் கண்ணே அடிபடும். கத்தரி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் பூஞ்சணம் நுழையும். ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள வெட்டுக்கு மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக் கொல்லியைக் குழைத்துத் தடவினால் போதும்.

வெட்டி முடித்ததும் செடி மொட்டைக் குச்சிகளாக நிற்பதைப் பார்த்தால் மனம் பதறும். பதறித்தான் பலர் மேலே மேலே ஒரு சாண் மட்டும் கத்தரித்து விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தளிர் உச்சியில் மட்டும் வெடிக்கும், அடி வெறுமையாகவே இருக்கும், பூ எட்டாத உயரத்துக்குப் போகும். வேர் நன்றாக உள்ள செடியைத் தைரியமாக இறக்கி வெட்டலாம். நட்டு ஒரு வருடம்கூட ஆகாத செடியையும் அண்மையில் தொட்டி மாற்றிய செடியையும் மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு நுனி கிள்ளினால் போதும்.

உரம் கவாத்துக்குப் பிறகுதான். செடியின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக மண்ணைக் கொத்தி, தரைச் செடிக்கு 10 கிலோ வரை நன்கு மட்கிய தொழுவுரம், 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். ரசாயன உரம் போடுகிறவர்கள் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இரண்டிரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தழைச்சத்து மட்டுமே உள்ள யூரியாவைப் போட்டுக்கொண்டிருந்தால் முதலில் சொன்ன பளபளப்புச் செடிதான் கிடைக்கும். கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொடுப்பதாக இருந்தால் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். கெட்டியாக ஊற்றினால் வேர் வெந்துவிடும்.

வெயில் மட்டும் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாதது. ஆறு மணி நேர நேர் வெயில் இல்லாத இடத்தில், எவ்வளவு அழகாகக் கவாத்து செய்தாலும், தளிர் நீண்டுகொண்டே போகுமே தவிர நுனியில் அவ்வளவாக மொட்டு கட்டாது. முதலில் இடத்தை மாற்றுங்கள், பிறகு வெட்டுங்கள்.

பூக்கத் தொடங்கிய பிறகு, பூ பறிக்கும்போதே அடுத்த சுற்றுப் பூவுக்கான வேலையைச் செய்துவிடலாம். ஒரு நுனியின் மூன்று மொட்டும் தீர்ந்ததும் காய்ந்த காம்பை, முன்பு சொன்னபடி, கீழே உள்ள இலை இணைக்குச் சற்று மேலே நறுக்குங்கள். வெயிலும் ஈரமும் சரியாக இருந்தால் ஒன்று, ஒன்றரை மாதத்தில் புதுத் தளிர்கள் மொட்டோடு நிற்கும். முல்லைக்கும் பிச்சிக்கும் இதே முறைதான். பெரிய கவாத்தை மட்டும் மல்லிகைக்குப் பிறகு ஓரிரு மாதம் தள்ளிச் செய்ய வேண்டும்.

ஆனால் எல்லாப் பல்லாண்டுச் செடியையும் இப்படி வெட்டக் கூடாது. எந்தச் செடியாக இருந்தாலும் அது பூக்கும்போது ஒருமுறை உட்கார்ந்து, மொட்டு பச்சைத் தண்டிலா முற்றிய தண்டிலா வருகிறது என்று பாருங்கள். பச்சைத் தண்டு என்றால் ஓய்வுக் காலத்தில் வெட்டலாம். செம்பருத்தி, காகிதப்பூ, பவழமல்லி, தொடர்ந்து பூக்கும் ரோஜா எல்லாம் இந்த வகை. வருடத்துக்கு ஒரே முறை கொத்தாகப் பூத்து ஓயும் கொடிரோஜா வேறு; அது போன வருடத்துத் தண்டில் பூக்கும். அதை ஓய்வுக் காலத்தில் வெட்டினால் வரவேண்டிய பூவையெல்லாம் வெட்டி எறிந்ததாகிவிடும். பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும்.

ரோஜாவுக்கு இன்னும் ஒரு விஷயம் உண்டு. நர்சரியில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. அடித்தண்டில் முடிச்சு போலப் புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து வெகு வேகமாக ஒரு தளிர் கிளம்பினால் அது வேர்ச்செடியுடையது, அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்காக அடியில் வைத்த செடியுடையது. விட்டால் ஓரிரு வருடத்தில் மேலே உள்ள நல்ல ரகத்தைக் கொன்றுவிடும். மண்ணைத் தோண்டி, தளிர் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பிய்த்து எடுங்கள். மண்மட்டத்தில் வெட்டினால் ஒன்று நாலாகும். வாடிய ரோஜாவைக் கிள்ளும்போது, ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த கண்ணை வைத்து வெட்டினால் அடுத்த தண்டு திடமாக வரும்.

மல்லிகையிலோ செம்பருத்தியிலோ மொட்டு வந்தும் மலராமல் உதிர்கிறதா? உதிர்ந்த மொட்டு ஒன்றை வெள்ளைத் தாள்மேல் வைத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மொட்டு ஈ தாக்கியிருந்தால் உள்ளே, அரிசிக் குருணையைவிடச் சிறிதாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் கால் இல்லாத புழுக்கள் நெளியும். சில சமயம் வளைந்து துள்ளவும் செய்யும். செம்பருத்தியின் மொட்டை உதிர்ப்பதும் மல்லிகை மொட்டின் அடியை வீங்கவைத்து ஊதா நிறமாக்கிக் காயவைப்பதும் ஒரே ஈதான். முட்டை மொட்டில், புழு மொட்டுக்குள், கூட்டுப்புழு மண்ணில். இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு வாரம் ஆகும். புழு மொட்டுக்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதன்மேல் படுவதில்லை. உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கி, செடியில் ஊதா தட்டிய மொட்டுகளையும் பறித்து, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே ஈயாகிப் பறக்கும். ஒரு மாதம் விடாமல் செய்தால் சுற்று அறும். மேல்மண்ணைக் கிளறி வேப்பம் புண்ணாக்குப் போடுவது கூடுதல் உதவி.

பிளந்த மொட்டில் புழு எதுவும் இல்லாவிட்டால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் செம்பருத்தி மொட்டைக் கொட்டிவிடும்.

இலை மஞ்சளானால், எந்த இலை என்று பாருங்கள். அடி இலை முழுக்க மஞ்சளாகி வந்தால் தழைச்சத்துக் குறை, அல்லது தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேரால் எடுக்க முடிவதில்லை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். கரைத்த உடனே தெளிக்க வேண்டும். கரைசல் காவி நிறமாகிவிட்டால் அதனால் பயன் இல்லை. பழைய இலையை விட்டுவிட்டுப் புதுத் தளிரின் நிறத்தைப் பார்த்து, அது பச்சையாக வரும்வரை மாதம் ஒருமுறை கொடுக்கலாம்.

இலையின் மேற்புறம் ஊசி குத்தியதுபோல் வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்திப் பேன். வறண்ட வெயில் காலத்தில் வரும். இலையின் அடியில் படுமாறு தண்ணீரைப் பீய்ச்சி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினாலே பாதி போகும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் பிரியாத அளவுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் வேப்பெண்ணெய்.

தொட்டிச் செடிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்ற வேண்டும். கவாத்து செய்கிற அதே நாளில் செய்தால் செடிக்கு ஒரே அதிர்ச்சியோடு போகும். செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்தால் வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னியிருக்கும். வெளிச்சுற்று வேரைப் பக்கவாட்டிலும் அடியிலும் ஓர் அங்குலக் கனத்துக்குக் கத்தியால் சீவிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, முன்பு இருந்த ஆழத்திலேயே நடுங்கள். தொட்டியில் மேலே இரண்டு அங்குலம் காலி விடுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில், அதன் பிறகு முழு வெயில். கவாத்துக்குப் பிறகு போடச் சொன்ன உரம் எதுவும் மண் மாற்றிய தொட்டிக்கு இப்போது வேண்டாம். முதல் தளிர் இரண்டு அங்குலம் வந்த பிறகு தொடங்கினால் போதும்.