தீயை ஈயத்துக்குக் காட்டாதீங்க

போன ஐப்பசி மழைக்காற்றில் எங்கள் பள்ளத்தூர் வீட்டு மாடியில் நின்ற ஆன்டெனா மக்கர் பண்ண ஆரம்பித்தது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 2 மீட்டர் பேண்டில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பேசுவதற்காக அரை இஞ்ச் செம்புக் குழாயில் நானே செய்த, ஜே எழுத்து வடிவ ஜே-போல் அது. நீளக் கை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், குட்டைக் கை அரை மீட்டர். அடியில் ஒரு டீயும் (T வடிவக் குழாய் இணைப்பு) ஒரு எல்போவும் (வளைவு இணைப்பு) இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். தேவகோட்டை நண்பர், "காத்து அடிக்கிறப்பல்லாம் குரல் விட்டுவிட்டு வருதுண்ணே" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தால் 1.4 இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் திரும்புவதைக் காட்டும் அளவு, 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது) 3-ஐத் தாண்டி நின்றது. குழாயை லேசாக ஆட்டினேன், முள் துள்ளியது. டீ மூட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

விரிசல் விட்ட இடம்தான் மோசம். ஜே-போலில் மின்னோட்டம் மிக அதிகமாக ஓடுவது அந்த அடிமூட்டில்தான். அதுவும் இந்த அலைவரிசையில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடும். மூட்டின் மேல்பரப்பு சரியில்லை என்றால் குழாய் எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை.

முதலில் வீட்டிலிருந்த 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்தேன். ஈயக் கம்பி உருகவே இல்லை. கடன் வாங்கிய 60 வாட் அயர்னை 450 டிகிரிக்கு ஏற்றி வைத்தபோது உருகியது. ஆனால் குழாயில் ஓடிப் பரவாமல் குன்றிமணி மாதிரி உருண்டு நின்றது. மேலே மேலே ஈயத்தை ஏற்றி, மூட்டை மூடி, பெயின்ட் அடித்து மாட்டிவிட்டேன். மூன்றே நாளில் பழைய குருடி கதைதான். இறக்கி நகத்தால் நெம்பினேன். ஈயம் ஓடு கழன்ற மாதிரி முழுசாக வந்தது. அடியில் தேன் நிறத்தில், ஈயக் கம்பிக்குள் இருக்கும் ரோசின் பிசின் மட்டும் காய்ந்து கிடந்தது. செம்பில் ஒரு பொட்டு ஈயம்கூடப் பிடிக்கவில்லை.

இரும்பைவிடச் செம்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மூட்டில் நான் கொடுத்த சூடெல்லாம் குழாய் வழியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்த கை பொறுக்க முடியாமல் சுட்டபோதும் மூட்டு போதிய சூட்டுக்கு வரவில்லை. அயர்னின் முனை எத்தனை டிகிரி என்பது அங்கே கணக்கில்லை. எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தொடர்ந்து கொடுக்க முடியும் என்பதுதான் கணக்கு.

அந்த வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி, மகள் கல்யாணத்துக்காகப் பரணிலிருந்த பித்தளை அண்டாவையும் தவலையையும் இறக்கி, ஈயம் பூசுகிறவரை வரவழைத்திருந்தார். பின்கட்டில் கரி அடுப்பு. அண்டாவைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, வெண்புகை கிளம்பியதும் வெள்ளீயத்தை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரே இழுப்பு. உட்புறம் முழுக்க நிலா மாதிரி ஆனது. நான் குழாயை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

என் கம்பியை வாங்கிப் பார்த்தவர், "இதுல காரீயம் கலந்திருக்குல்ல தம்பி?" என்றார். ஆமாம், 60 பங்கு வெள்ளீயத்துக்கு 40 பங்கு காரீயம். உடனே அதைத் தன் பஞ்சுக்கும் இடுக்கிக்கும் எட்டாத திண்ணையில் வைத்தார். சோறு பொங்குகிற பாத்திரத்தில் காரீயம் படக்கூடாது என்பதில் அவர் அப்படி ஒரு கண்டிப்பு. அந்த ஒரு செயலிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

பழைய ஈயத்தைச் சூடாக்கித் துடைத்தெடுத்தோம். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, உப்புத்தாளால் மூட்டின் உள்ளும் புறமும் ரோஜா நிறம் வரும்வரை உரசினோம். நான் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நேராக ஈயத்தின் மேலேயே நெருப்பைக் காட்டினேன். ஈயம் பிடிப்பதற்காகப் பூசிய ஃபிளக்ஸ் கருகி, செம்பும் கறுத்துப்போனது. "தீயை ஈயத்துக்குக் காட்டாதீங்க தம்பி, செம்புக்குக் காட்டுங்க. ஈயத்தைச் செம்பு உருக்கணும்" என்றார். மறுபடி முதலிலிருந்து உரசல்.

இந்த முறை நெருப்பை டீயின் கனத்த பக்கத்தில் காட்டினேன். ஃபிளக்ஸ் கொதித்து அடங்கியது. நெருப்புக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நாலாவது தொடுதலில் கம்பி நுனி சட்டென்று கரைந்து, வெள்ளிக் கோடாக மூட்டைச் சுற்றி ஓடி, இடுக்குக்குள் போய்விட்டது. டார்ச்சை எடுத்ததும், பளபளப்பு மங்கும்வரை குழாயை அசைக்கவே விடவில்லை.

எல்போவில் ஒரு சிக்கல். குழாயின் முனைகளை நான் மூடிவைத்திருந்தேன். உள்ளே சூடான காற்று போக வழியில்லாமல், உருகிய ஈயத்தைத் துளைத்துக்கொண்டு புஸ்ஸென்று வெளியேறி ஊசித் துளை விட்டது. அடியில் 2 மில்லிமீட்டர் துளை போட்ட பிறகே அந்த மூட்டு அடைபட்டது. மழைநீர் வடியவும் அந்தத் துளை உதவுகிறது.

ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை டார்ச் பக்கமே கொண்டுபோகவில்லை. உள்ளிருக்கும் பாலித்தீன் சூட்டில் இளகி, நடுக்கம்பி நகர்ந்துவிடும். கேபிள் முனைகளில் தனியாக லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்துப் பற்றவைத்து, ஹோஸ் கிளிப்பால் குழாயில் இறுக்கினேன். மேலும் கீழும் நகர்த்தி எஸ்.டபிள்யூ.ஆர். குறைகிற இடம் பார்க்கவும் அது வசதி.

நவச்சாரமோ ஆசிட் ஃபிளக்ஸோ பட்டிருந்தால் அன்றே கழுவ வேண்டும். விட்டால் பச்சை பூத்துச் செம்பை அரிக்கும். வெந்நீரில் சோடா உப்பு கரைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு தடவை தேய்த்தேன். காய்ந்த பிறகு பெயின்ட்.

மாட்டிய அன்று 145-இல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. குழாயைப் பிடித்து ஆட்டினேன், முள் அசையவில்லை. கார்த்திகையில் ஒரு ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். தேவகோட்டை நண்பரோடு பேசிக்கொண்டே இருந்தேன், ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.